ரப்பரின் வயது

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்கிறார்கள். பின்னால் போய்ப் புகை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்கிறார்கள். ஏசி குளிர்கிறதா, கதவோரத்தில் ரீபெயிண்ட் தடம் தெரிகிறதா, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இவ்வளவையும் நின்றபடியே பார்த்துவிடலாம். குனிந்து, முட்டிபோட்டு, கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டிய இடம் வரும்போது பெரும்பாலோருக்குப் பொறுமை தீர்ந்துவிடுகிறது. டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு விலை பேசப் போய்விடுகிறார்கள்.

பத்துப் பதினைந்து வருடம் ஆன காரில் உண்மையாகவே பழசாகிப் போயிருப்பது ரப்பர்தான் என்பது என் முடிவு. இரும்பு அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றிய சிறிய பெட்ரோல் இன்ஜின் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். ரப்பருக்கு அந்த ஆயுள் கிடையாது. ரப்பர் என்றால் டயர் மட்டுமில்லை. வண்டியின் அடியில் படுத்து மேலே பார்த்தால், இரும்பும் இரும்பும் சந்திக்கிற இடங்களிலெல்லாம் ஒரு துண்டு ரப்பர் நடுவில் உட்கார்ந்திருப்பது தெரியும். லோயர் ஆர்மின் இரண்டு புஷ்கள், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ், ஷாக் அப்சர்பரின் தலையில் உள்ள மவுண்ட், பால் ஜாயிண்ட்டின் கிரீஸைக் காக்கிற பூட், இன்ஜின் மவுண்ட். சாலையின் ஒவ்வொரு குழியையும் முதலில் டயர் வாங்குகிறது. மிச்சத்தை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் வாங்குகின்றன. அதற்கும் மிஞ்சியதை இந்தச் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள் விழுங்கிக்கொள்கின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் தெரியவராது. தெரிய ஆரம்பிக்கும்போது பல பாகங்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

குமரி மாவட்டத்தில் வாழ்கிறவனுக்கு ரப்பர் என்பது கடையில் தொங்கும் பொருளாக மட்டும் இருக்க முடியாது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடிவதற்கு முன் போனால், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பால்வெட்டு நடப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும், ஆகவே அந்த நேரம். பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு. அதில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது. அந்த அளவைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, கைதான் அறியும். சிரட்டையில் சேர்ந்த பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகைபோட்டுக் காயவைத்தால் ஷீட். அதில் ஆர்எஸ்எஸ் 4 என்று தரம் பிரிப்பது நேராக டயர் கம்பெனிகளுக்குப் போகிறது.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதே வருடம் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்துசேர்ந்தன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவிய மரங்கள் மலாயாவை உலகத்தின் மிகப் பெரிய ரப்பர் நாடாக்கின. அங்கே காடழித்து, கன்று வைத்து, பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி கங்காணிகள் கப்பலேற்றிக் கூட்டிப்போன தமிழர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருண்ட டயர்களில் அவர்களுடைய உழைப்பு இருந்தது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். டயரை ஓர் உதை உதைத்துவிட்டு நகர்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோதுதான் நெடிய மூலக்கூறுகளுக்கு இடையே பாலங்கள் விழுந்து, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் குணம் நிலைத்தது. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளை ஒவ்வொரு நாளும் அறுத்துக்கொண்டே இருக்கின்றன. வெப்பம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. இதைத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் கலக்கிறார்கள். அவை மெல்லக் கசிந்து வெளிப்பரப்புக்கு வந்து காவல் நிற்கின்றன. டயரின் பக்கச்சுவர் சில நேரம் பழுப்பு நிறமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். டயர் உருண்டு, வளைந்து, நெளிந்தால்தான் இந்தக் காப்பு ஒழுங்காக மேலே வரும். ஓடாமல் வெயிலில் நிற்கிற காரின் டயர் இந்தக் காப்பை இழந்து, ஓடுகிற காரின் டயரைவிட முன்னதாகவே வெடிக்கத் தொடங்கிவிடும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரான என் நண்பர், மனைவியை மாதாமாதம் நாகர்கோவிலுக்கு மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு கார் வேண்டுமென்று தேடியபோது அமைந்தது 2009-ஆம் வருடத்து சான்ட்ரோ. நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. புரோக்கர் சொன்னதெல்லாம் நல்ல சேதிதான். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி. ஓட்டமே கிடையாது. பின் டயரப் பாருங்க, பட்டன் அப்படியே நிக்குது.” உண்மைதான், பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள கட்டைகள், தேயாமல் நின்றது. விரல் நுனி உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம் ஆழமாக இருந்தது. மீட்டரும் நாற்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது.

வண்டியைப் பார்க்க நாங்கள் கூப்பிட்டிருந்த பட்டறை அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் குத்தவைத்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த டார்ச்சை அடித்து, பக்கச்சுவரில் பதிந்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் துடைத்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1114. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2014 மார்ச் மாதம் அச்சிலிருந்து இறங்கிய டயர். பத்து வருடம் தாண்டிவிட்டது. பல கார் கம்பெனிகள் 6 வருடத்துக்கு மேல் டயரை வைத்திருக்க வேண்டாம் என்கின்றன. தாராளமாகப் பேசுகிற டயர் கம்பெனிகளும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடந்தோறும் சோதிக்கச் சொல்லி, 10 வருடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அண்ணாச்சி பட்டனின் ஒரு கட்டையை விரலால் மடக்கி ஒதுக்கிக் காட்டினார். பள்ளத்தின் அடியில், வெளியே தெரியாத இடத்தில், தலைமுடி போல வரிவரியாக வெடிப்பு.

“சார், இது ஓடித் தேஞ்ச டயர் இல்ல, நின்னு கெட்ட டயர். நூறுல போகையில பட்டைப் பட்டையா உரிஞ்சிரும்.”

பழைய வண்டியில் ‘ஓட்டம் கம்மி’ என்பதைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை. ஓட்டம் குறைந்த வண்டியின் இன்ஜின் இளமையாக இருக்கலாம். ரப்பர் நாட்காட்டியைத்தான் பார்க்கிறது. இந்த நான்கு இலக்கம் சில டயர்களில் உள்பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். வெளியே காணோம் என்றால் அடியில் புகுந்து பார்க்க வேண்டும். மீட்டரைத் திருப்பிவைக்க ஆள் இருக்கிறது, பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கிறது, தேய்ந்த டயரில் சூட்டுக்கத்தியால் மறுபடி கோடு கீறி, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்கவும் ஆள் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை நான் குற்றம் என்றே சொல்வேன். கார் டயரில் பட்டனுக்கும் உள்ளே இருக்கிற கம்பி நெசவுக்கும் நடுவில் வெட்டி எடுக்கக் கூடிய ரப்பர் கிடையாது.

முன்னால் இருந்த இரண்டு டயரும் வேறு. 2021-இல் செய்தவை, ரப்பர் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லி, அண்ணாச்சி என் நண்பரின் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். “உள்ளேர்ந்து வெளிய தடவுங்க. இப்ப வெளியேர்ந்து உள்ள.” ஒரு திசையில் வழுவழுவென்று போன கை, மறு திசையில் சுரசுரவென்று மாட்டியது. உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

தேய்ந்த டயர் என்பது எழுதி முடித்த ஒரு பக்கம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் போயிருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அதாவது கேம்பர் கெட்டிருக்கிறது. இப்படி ஒரு திசையில் மட்டும் கையைப் பிடிக்கும் சுரசுரப்பு இருந்தால் டோ கெட்டிருக்கிறது. சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது. விளிம்பைச் சுற்றி இடைவெளி விட்டு விட்டுக் குழிகள் இருந்தால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க ஆளில்லாமல் சக்கரம் தரையில் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது. இவ்வளவும் ஒரு கையில், கருவியெதுவும் இல்லாமல் படிக்கலாம். பழைய டயரைப் படிக்காமல் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிறவர், வண்டி தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மையான வாக்குமூலத்தைக் கிழித்துப் போடுகிறார். அந்தப் புதிய டயரும் அடுத்த வருடம் அதே வாக்குமூலத்தை எழுதித் தரும், இவர் செலவில்.

உள் ஓரத் தேய்மானத்துக்கு மூலம் எங்கே என்று தேடுவதில்தான் அந்த முற்பகல் போனது. முன்பக்கம் நெம்பி ஜாக்கியில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்ப்பார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். டை ராடு எண்டில் சந்தேகப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, உள்ளங்கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டார். மேல் மவுண்ட் இறுகிப்போயிருந்தால் ஸ்பிரிங் முறுக்கேறி ஒரு கட்டத்தில் துள்ளும். காதால் கேட்பதற்கு முன்னால் கை அதை உணர்ந்துவிடும்.

சான்ட்ரோவின் முன்பக்கம், மாருதி 800-இல் இருந்ததைப் போல, மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. 1940-களின் கடைசியில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், சக்கரம் திரும்புகிற அச்சு மூன்றும் ஒரே தூணில். அம்பாசிடர் காலத்துக் கனமான டார்ஷன் பார் அமைப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு எளிது. எடை குறைவு, விலை குறைவு, இன்ஜினுக்கு இடம் மிச்சம். சின்னக் கார்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே தூண் மூன்று வேலை செய்கிறது என்பதால், கீழே சக்கரத்தின் இருப்பிடத்தைக் காக்கிற ஒற்றை லோயர் ஆர்மின் மேல் பொறுப்பு அதிகம். அதன் புஷ் தளர்ந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் தன் இடத்தைவிட்டு விலகி, விட்டதும் திரும்பி வரும். அலைன்மென்ட் மெஷினில் வண்டி அசையாமல் நிற்பதால் எல்லா எண்ணும் பச்சையில்தான் காட்டும். சாலையில் மட்டும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சி நீளமான நெம்புகோலை லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து மெல்ல அழுத்தினார். வலதுபக்கப் பின் புஷ்ஷின் ரப்பர் வாய் பிளந்து, உள்ளிருந்த இரும்புக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியது. இடதில் வெடிப்பு மட்டும்தான். “ஒண்ண மட்டும் மாத்தாண்டாம் சார். ரெண்டும் ஒரே வயசு.” ஷாக் அப்சர்பர்களையும் துடைத்துப் பார்த்தார். எண்ணெயோடு சேர்ந்து அப்பிய புழுதி எதிலும் இல்லை. வண்டியின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விட்டால், ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். அடங்கியது. இந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதி போன ஷாக் அப்சர்பரும் பட்டறையில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஆகவே கடைசியில் கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்தி, உடைந்த சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் கேட்டோம். சின்னச் சின்னக் குழியில் டொக் டொக் என்றால் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. வேகம் கூடக் கூட ரீங்காரம் ஏறினால் வீல் பேரிங். எங்களுக்குக் கேட்டது பிரேக்கில் ஒரே ஒரு அமுங்கிய தட்டல், அந்த வலதுபக்க புஷ்.

சில நூறு ரூபாய் ரப்பர், சில ஆயிரம் ரூபாய் டயரைத் தின்றுகொண்டிருந்தது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறவர்கள்தான் அதிகம். டயர்க் கடைக்குப் போனால் டயர் விற்பார்கள், அவர்கள் தொழில் அது. முதலில் புஷ், ஜாயிண்ட், ஷாக் அப்சர்பர்; பிறகு டயர்; டயர் மாட்டிய அன்றே அலைன்மென்ட், பேலன்சிங். இந்த ஒழுங்கில் போனால் செலவு குறையும் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நான்கு பேர் ஏறிய சான்ட்ரோ ஏறத்தாழ 1,100 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் 130 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். ஒரு கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். பிரேக், ஸ்டியரிங், ஓட்டுகிறவரின் அனுபவம், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற நோயாளியின் நிம்மதி எல்லாம் அந்த நான்கு கையகல இடங்கள் வழியாகத்தான் தரைக்குப் போய்ச் சேர்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊரில் அந்தக் கையகலத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் தண்ணீரும் வந்து நிற்கும். அதை ஒதுக்கித் தள்ளுவது பட்டனின் பள்ளம் மட்டும்தான். புதிதில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே எழும்பியிருக்கும் சின்ன மேடு 1.6 மில்லிமீட்டர், பட்டன் அதோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, நம் மோட்டார் வாகன விதியும் காருக்கு அதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. மழைக்கு நான் அதுவரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடலாம்.

அளவு விஷயத்தில் நண்பர் குழம்பவில்லை. கடையில் 165/70 ஆர்13 போட்டால் வண்டி ‘நல்லா நிக்கும்’ என்றார்கள். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். கம்பெனி கொடுத்த 155/70 ஆர்13-இன் விட்டம் 547 மில்லிமீட்டர், இவர்கள் சொல்வது 561. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 82-இல் போகும். சின்ன இன்ஜின் ஒவ்வொரு ஏற்றத்திலும் கூடுதல் பாரம் இழுக்கும். வளைவில் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பினால் உள்சுவரில் உரசவும் வாய்ப்புண்டு. கதவோரத் தகட்டில் எழுதியிருக்கிற அளவே போதும் என்றார். அளவுக்குப் பின்னால் 75 டி என்று இருக்கிறதா என்றும் பார்த்தார்: ஒரு டயருக்கு 387 கிலோ தாங்கும், 190 கிலோமீட்டர் வேகம் வரை. கூடவே புதிய டயரின் நான்கு இலக்கத்தையும் பார்த்தார். கடை அலமாரியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததைப் புதிது என்று வாங்க அவர் தயாராக இல்லை, உள்ளேயிருந்து வேறு எடுத்துவரச் செய்தார்.

இப்போதைக்குக் கையில் இருந்த பணம் இரண்டு டயருக்குத்தான். பின்னால் இருந்த 2014-ஐக் கழற்றியே ஆக வேண்டும். கடைப் பையன் பழக்கப்படி புதிய இரண்டையும் முன்பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போனான்.

“தம்பி, புதுச பின்னால போடுப்பா.”

“சார், இழுவை முன்னாலதான? ஸ்டியரிங்கும் அங்கதான இருக்கு?”

நண்பர் வகுப்பெடுக்கிற குரலுக்குப் போய்விட்டார். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பக் கிடைக்கும். பயந்தவன் இயல்பாகச் செய்வதும் அதுதான். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பாகம் முன்னால் வரப் பார்க்கும், சுழலும். அந்த நேரத்தில் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின் டயர் இன்னும் லேசாகும். அதைத் திருத்துகிற பயிற்சி நம்மில் யாருக்கும் இல்லை. ஆகவே நல்ல பிடி எப்போதும் பின்னால் இருக்க வேண்டும், வண்டி எந்தச் சக்கரத்தால் இழுக்கப்பட்டாலும் சரி. பையன் கொஞ்சம் யோசித்தான். “அப்பம் எங்க அண்ணன் வண்டியிலயும் மாத்திப் போடணுமே சார்” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்துக்கு உருட்டினான்.

நட்டுகளை இறுக்கி முடித்ததும் நண்பர் ஸ்பேனரை வாங்கித் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஸ்டெப்னியும் 2014 என்பதால் அதை 40-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி டிக்கியின் உள்பக்கம் ஒட்டினார். முன் டயர் இரண்டையும் ஸ்டெப்னியையும் வடகிழக்கு மழைக்கு முன்னால் மாற்றிவிடுவதாகச் சொன்னார். பென்ஷன் அரியர் அதற்குள் வந்துவிடும்.